லீன் காட்டுதுண்ணே!

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்ததோடு புது பைக்குகளில் கார்புரேட்டரின் கதை முடிந்தது. பழைய புல்லட்டை விற்க மனமில்லாதவர்களில் சிலர், ஸ்பீடுயினோ மாதிரி ஈ.சி.யு. ஒன்றை வாங்கி, இன்ஜெக்டரும் பெட்ரோல் பம்பும் மாட்டி, பெண்டு பைப்பில் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சாரையும் செருகிவிடுகிறார்கள். மீட்டர் ஓடத் தொடங்கியதும் அது சொல்வதுதான் வேதம். வில்லங்கம் அங்கேதான்.

திண்டுக்கல் நாகல் நகர் பக்கம் ஒரு பட்டறை. "அண்ணே, எல்லா ஸ்பீடுலயும் லீன் காட்டுதுண்ணே. பெட்ரோலக் கூட்டிக்கிட்டே போறேன், பிளக்குதான் கரியாகுது" என்றான் பையன். "லேப்டாப்ப மூடி வைப்பா" என்றார் மெக்கானிக். வண்டி ஆறும்வரை காத்திருந்து, சைலன்சர் வாயில் துணியைச் சுற்றிக் கம்ப்ரஸர் காற்றை மெதுவாக விட்டார். பெண்டு பைப்பும் சைலன்சரும் சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவ, நுரை பொங்கியது.

சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது. மீந்த ஆக்சிஜன்தான் தெரியும். ஜாயின்ட் வழியாக வெளிக்காற்று புகுந்தாலும் லீன், அதாவது பெட்ரோல் குறைவு என்று காட்டும்; மிஸ்ஃபயர் ஆகி எரியாத காற்று வெளியே போனாலும் லீன். பிளக் கறுப்பு, மீட்டர் லீன் என்றால் நம்ப வேண்டியது பிளக்கை. அந்த ஓட்டையைக் கண்ட சிலிகான் பேஸ்டால் அடைப்பதும் கூடாது. அதன் ஆவி சென்சாரையே கொன்றுவிடும். நல்ல கேஸ்கெட் போதும்.

அடுத்தது ஐடிலிங். ரேஸ் தானாக ஏறி இறங்கினால் பலரும் இன்ஜெக்டரைச் சந்தேகிப்பார்கள். ஐடிலில் புகை சென்சாரை எட்டவே நேரமாகும். அதற்குள் ஈ.சி.யு. பழைய தகவலை வைத்துப் பெட்ரோலைக் கூட்டும், பிறகு குறைக்கும். கைதேர்ந்தவர்கள் முதலில் சென்சார் ஃபீட்பேக்கை அணைத்துவிட்டு, எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும் டேபிளைச் சரிசெய்கிறார்கள். பிறகுதான் பத்து சதவீத வரம்போடு ஃபீட்பேக்கைத் திறக்கிறார்கள். ஏதோ ஓர் இடத்தில் திருத்தம் எப்போதுமே எட்டு, ஒன்பது சதவீதம் என்று நின்றால், அங்கே டேபிளே தப்பு.

இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 வந்தபின் இன்னொரு குழப்பம். சுத்தமான பெட்ரோலுக்கு முழு எரிப்புக்கான காற்று-எரிபொருள் விகிதம் 14.7; இ20-க்குச் சுமார் 13.5. இதைப் படித்துவிட்டு மீட்டரிலும் 13.5 வைப்பவர்கள் உண்டு. ஆனால் மீட்டர் அளப்பது லாம்டாவை (முழு எரிப்பு என்றால் 1); அதைப் பெட்ரோல் கணக்கில் பெருக்கித்தான் காட்டுகிறது. இ20 சரியாக எரியும்போதும் அது 14.7 என்றே சொல்லும். அங்கே 13.5 வைத்தால் சுமார் ஒன்பது சதவீதப் பெட்ரோல் வீண். பேசாமல் திரையை லாம்டாவுக்கு மாற்றிவிடலாம்: சீரான ஓட்டத்துக்கு 1, முழு ஆக்ஸிலரேட்டருக்கு 0.87 பக்கம்.

இந்த ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, கொடைக்கானல். திண்டுக்கல் சமவெளி சுமார் 280 மீட்டர் உயரம். கொடை 2,100-க்கு மேல். அங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒற்றை சிலிண்டரில் மேனிஃபோல்ட் அழுத்தம் துடித்துக்கொண்டே இருப்பதால், பலர் த்ராட்டில் திறப்பை மட்டும் வைத்து டேபிள் போடுகிறார்கள். அந்த டேபிளுக்கு மலை தெரியாது. வெளிக்காற்றை அளக்கத் தனியாக ஒரு பாரோ சென்சார் வேண்டும்.

அது இல்லாமல், சென்சாரைப் பார்த்து டேபிளைத் தானாகத் திருத்தும் ஆட்டோட்யூனை ஆனில் விட்டபடி மலை ஏறுவதுதான் பெரிய ஆபத்து. ஏறும்போது மெல்லிய காற்றுக்கு ஏற்றபடி டேபிளில் பெட்ரோலை அது குறைத்துக்கொண்டே போகும். வண்டியும் மேலே ஜோராகத்தான் ஓடும். மறுநாள் இறங்கி வந்து, மதுரை நாற்கரச் சாலையில் முழு ஆக்ஸிலரேட்டர் முறுக்கினால், சமவெளியின் அடர்ந்த காற்றுக்கு அந்தப் பெட்ரோல் போதாது. முழு த்ராட்டிலில் பலர் ஃபீட்பேக்கை அணைத்து வைத்திருப்பதால் தடுக்கவும் ஆளில்லை. பிஸ்டன் உருகுவது அப்போதுதான். வத்தலக்குண்டு தாண்டுவதற்கு முன்பே ஆட்டோட்யூனை அணைத்துவிட்டு, சமவெளி ஃபைலைத் தனியாகச் சேமித்து வைத்துக்கொண்டு ஏறுகிறார்கள், விவரமானவர்கள்.