வழி தேடிய ஓவியங்கள்

1856ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் சென்னை இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் புகைவண்டிகள் புறப்பட்டன. அவற்றுள் ஒன்று திருவள்ளூர் வரை சென்றது. இலண்டன் இதழொன்று அவ்விழாவைப் படமாக அச்சிட்டது. அது பாதை அமைந்தபின் எழுந்த படம். பாதை அமையுமுன்பே, அது செல்லவேண்டிய நிலத்தைப் படமாக்கிய வரலாறும் உண்டு. அது அமெரிக்காவில் நிகழ்ந்தது.

அந்நாட்டின் கிழக்கே இருப்புப்பாதைகள் பெருகியிருந்தன. மேற்கே பசிபிக் கடல்வரை செல்லப் பாதை இல்லை. 1853இல் அந்நாட்டுப் பேரவை ஒன்றரை இலட்சம் டாலர் ஒதுக்கி, தக்க வழியைக் கண்டறியுமாறு பணித்தது. அளவைக் குழுக்கள் பல திசைகளிற் சென்றன. ஒளிப்படக் கலை வளராத காலமாதலின், ஓவியர்களும் உடன் சென்றனர். அப்பணி எளிதன்று. அவ்வாண்டு அக்டோபரில் கன்னிசன் என்ற குழுத்தலைவரும், ரிச்சர்டு கெர்ன் என்ற ஓவியரும் யூட்டா நிலத்தில் தாக்குண்டு மாண்டனர்.

ஓவியங்கள் பல கல்லச்சில் பதிப்பிக்கப்பட்டன. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லின்மீது கொழுப்புக் கலந்த கோலால் படம் வரைவர். பின்பு கல்லை நீரால் நனைத்து மை தடவுவர். நீரும் கொழுப்பும் ஒன்றோடொன்று சேரா. ஆகவே, மை கோடுகளில் மட்டும் பற்றும். தாளை வைத்து அழுத்தினால் படம் பதியும். இவ்வாறு அமைந்த படங்களுடன் அளவை அறிக்கை 1855 முதல் 1860 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது.

அவற்றுள் ஒன்று ஜான் மிக்ஸ் ஸ்டான்லி வரைந்தது. ஜெசி ஏரிக்கருகே, கண்ணுக்கெட்டிய தொலைவுவரை பைசன் என்னும் காட்டெருதுகள் மேய்கின்றன. 1869இல் கிழக்கும் மேற்கும் இருப்புப்பாதையால் இணைந்தன. வேட்டையாடுவோர் புகைவண்டியில் வந்தனர். தோல்கள் வண்டி வண்டியாக ஏற்றுமதியாயின. நூற்றாண்டு முடியுமுன் அவ்விலங்கினம் ஏறக்குறைய அழிந்தது. அதனை நம்பி வாழ்ந்த தொல்குடி மக்கள் உணவையும் நிலத்தையும் இழந்தனர். வழி தேடுவதற்காக வரைந்த படம், அவ்வழியால் அழிந்தவற்றிற்குச் சான்றாகிவிட்டது.

மாணவர்களே! கும்மிடிப்பூண்டியைச் சுற்றிலும் இன்று ஆலைகள் பல எழுந்துள்ளன. அவை பலருக்குத் தொழில் தருகின்றன. ஆயினும் உங்கள் ஊர் ஏரியையும், வயலையும், அங்கு வந்திறங்கும் பறவைகளையும் இன்றே வரைந்து வையுங்கள். படத்தின் கீழ் நாளையும் இடத்தையும் குறியுங்கள். அங்கு உழைப்போரையும் விடாது வரையுங்கள். நாளை இவ்விடம் எவ்வாறு இருந்தது என வினவுவோர்க்கு அத்தாளே விடை கூறும்.