வியட்நாமியத் தேயிலையும் தேநீர் தயாரிக்கும் முறையும்

கறுப்புத் தேயிலைக்குப் பழகியோர் வியட்நாமின் பச்சைத் தேயிலையைக் கொதிநீரில் இட்டு, கசப்பென்று ஒதுக்குவதுண்டு. குற்றம் இலையினது அன்று, நீரின் வெப்பத்தினதாகும்.

வகைகள்

வட வியட்நாமில் தாய் நுயென் மாகாணத்துத் தேயிலை பெயர்பெற்றது. கொழுந்து பறித்தபின் விரைவிற் சூடேற்றப்படுவதால் அது கறுப்பதில்லை. 'சான் துயெத்' என்பது வட மலைகளிலுள்ள முதிர்ந்த தேயிலை மரங்களிற் பறிக்கப்படுவது. 'துயெத்' எனில் வெண்பனி. அரும்பை மூடிய வெண்மயிரே அப்பெயருக்குக் காரணம். ஹனோய் நகரின் தாமரைத் தேயிலை, தாமரை மகரந்தக் கேசரங்களின் மணம் ஊட்டப்பெற்றது.

தயாரிக்கும் முறை

1. சிறு பீங்கான் கேத்தலைக் கொதிநீரால் அலசிச் சூடாக்குதல் வேண்டும்.
2. 150 மில்லிலீற்றர் நீருக்கு 4 கிராம் இலை போதும்.
3. கொதித்த நீரை ஏறத்தாழ 80 பாகை சதமவளவுக்கு ஆறவிட்டு ஊற்றுக. வெப்பம் மிகுந்தால் கசப்பும் துவர்ப்பும் தரும் பொருள்கள் மிகுதியாகக் கரையும்.
4. 1 நிமிடத்துள் முழுவதையும் வடித்துவிடுக. எஞ்சிய நீர் அடுத்த தேநீரையும் கசப்பாக்கும்.
5. அதே இலையை மும்முறை பயன்படுத்தலாம். ஒவ்வொரு முறையும் நேரத்தைச் சிறிது கூட்டுக.

பாலும் சீனியும் வேண்டா. முதலில் மென்துவர்ப்பும் பின்னர் தொண்டையில் இனிப்பும் தோன்றின், தேநீர் செவ்வனே அமைந்ததெனக் கொள்க. எஞ்சிய இலையைக் காற்றுப்புகாத பேணியில், வாசனைச் சரக்குகளுக்கு அப்பால் வைத்தல் நன்று.