சுற்றுவட்டத்தில் சாலையைக் கடக்கும் முறை

விடுமுறை நாள்களில் தோட்ட மக்கள் பலர் குடும்பத்தோடு போர்ட்டிக்சன் போன்ற கடற்கரை நகரங்களுக்குச் செல்கின்றனர். பேருந்தை விட்டு இறங்கியதும் பிள்ளைகள் கடலை நோக்கி ஓட முற்படுவர். இடையே சுற்றுவட்டம் இருப்பின் மிகுந்த எச்சரிக்கை தேவை.

நம் நாட்டில் வாகனங்கள் கடிகார முள் செல்லும் திசையில் வட்டத்தைச் சுற்றுகின்றன. வட்டத்துள் நுழைவோர், வலப்புறமிருந்து வரும் வாகனங்களுக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. ஆகவே ஓட்டுநரின் பார்வை வலப்புறமே இருக்கும். இடப்புற ஓரத்திலிருந்து சாலையில் இறங்குபவரை அவர் காணாமற் போகலாம். வட்டத்தை விட்டு வெளியேறுவோரோ வேகத்தைக் கூட்டுவர். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 14 மீட்டர் கடந்துவிடும்.

எனவே கீழ்க்காண்பவற்றை நினைவிற் கொள்க:

1. வட்டத்தின் நடுவே புகுந்து குறுக்கு வழியில் செல்லலாகாது.

2. வட்டத்திற்குச் சற்றுத் தள்ளி, வெள்ளைக் கோடுகள் உள்ள இடத்திலேயே சாலையைக் கடத்தல் வேண்டும்.

3. முதலில் வலப்புறம் பார்த்துப் பாதிச் சாலையைக் கடந்து, நடுவே திட்டு இருப்பின் அதில் நிற்க வேண்டும். பின்னர் இடப்புறம் பார்த்து மறுபாதியைக் கடக்க வேண்டும்.

4. சிறுவரின் கையைப் பெரியோர் விடலாகாது.

கடல் எங்கும் போய்விடாது. ஒரு நிமிடம் பொறுத்தே கடப்போம்.