ராதைக்குக் கூன் போடாதே

அன்புள்ள குழந்தைக்கு,

ஞாயிற்றுக்கிழமை உன் ஆட்டத்தைப் பார்த்தேன். அடவெல்லாம் சுத்தம். ஆனால் இளாதேவியைக் கிருஷ்ணனிடம் அனுப்பிவிட்டு நிற்கிற ராதையைக் காட்ட, கூன் போட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டாயே, அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பு உனக்குப் பிடித்திருந்தது. எனக்கு அதுதான் வலித்தது.

இந்த ராதையை 'ராதிகா சாந்த்வனம்' என்ற காவியத்தில் எழுதிய முத்துப்பழனி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்தவள். அவளுடைய தெலுங்கு ராதை, தான் வளர்த்த பெண்ணான இளாதேவியைத் தானே அலங்கரித்து, படுக்கையறை விஷயங்கள்கூடச் சொல்லிக் கொடுத்து அனுப்புகிறாள். அப்புறம்தான் வெந்து போகிறாள். வயதில் மூத்தவளின் ஆசையைக் கேலியாக்காமல் எழுதினாள் முத்துப்பழனி. பின்னாளில் தெலுங்கு எழுத்தாளர் வீரேசலிங்கம் பந்துலு அதைப் படித்து முகம் சுளித்தார். பெங்களூர் நாகரத்தினம்மாள் அதை 1910இல் முழுதாக அச்சில் கொண்டுவந்தார். அரசாங்கம் தடை போட்டது. நாமோ இன்று தடை போடுவதில்லை, சிரித்துவிடுகிறோம்.

எனக்கு அறுபத்தெட்டு. என் வயதுப் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி என்று நினைக்காதே. தீட்டு நின்றதும் 'விட்டதடி தொல்லை' என்று தனிக் கட்டிலுக்குப் போனவர்கள் உண்டு. பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போன பிறகுதான் புருஷனை நிதானமாகப் பார்க்க நேரம் கிடைத்தது என்றவர்களும் உண்டு. கல்யாணச் சமையலறையில் காய் நறுக்கும்போது இதையெல்லாம் பேசுவோம். மருமகள் வந்தால் கத்தரிக்காய் விலைக்குத் தாவிவிடுவோம்.

உனக்கு வேண்டியது கூன் அல்ல, நிதானம். காதலுக்குப் புதியவளான முக்தை வாசலைப் பார்ப்பாள். காதலில் தேர்ந்த பிரகல்பை பார்க்கமாட்டாள், செருப்புச் சத்தத்திலேயே அவன் எங்கிருந்து வருகிறான் என்பது தெரிந்துவிடும். அபிநயம் சொல்லிக்கொடுத்த கலாநிதி மாமி கல்யாணத்தோடு ஆட்டத்தை விட்டு, நாற்பது தாண்டி, 1973இல் திரும்பி வந்தார். அதன்பின் பதங்களைக் கற்றுக்கொள்ள அவரிடம்தான் எத்தனை பேர் போனார்கள்! பதினாறு வயதில் பாடமான பதத்துக்கு நாற்பத்தைந்தில் வேறு அர்த்தம். (மூட்டு வலிக்கும் என்பது தனிக் கதை.)

புதன்கிழமை சாயங்காலம் வா. சலங்கை வேண்டாம். இளாவுக்குப் பூ வைத்துவிடும் இடத்தை மட்டும் பார்ப்போம். பூவை வைத்த பிறகு ராதையின் கை எங்கே போகிறது என்று யோசித்துக்கொண்டு வா.

அன்புடன்,
உன் டீச்சர்