மணிக்கு ஆகாதது எது?

சங்கத்துப் பொங்கல் விழாவில் நண்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, தம் வீட்டு நாய் இரவெல்லாம் சொறிந்துகொண்டே இருக்கிறது, அதற்கு ஒவ்வாமை என்கிறார்கள், எந்தத் தீனி வாங்கலாம் என்று கேட்டார். கையில் சர்க்கரைப் பொங்கல் தொன்னையுடன் நின்றபடி சொல்லக்கூடிய பதில் என்னிடம் இல்லை. ஒன்றரை ஆண்டு பட்ட பாடு அது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன்.

எங்கள் மணிக்கு இப்போது ஆறு வயது, எடை 24 கிலோ. தாய் லாப்ரடார், தந்தை அல்சூர்த் தெருவைச் சேர்ந்தவர். எங்கள் வீடு சைவம். ஆகவே காலையில் கடையில் வாங்கும் கோழி சேர்த்த பாக்கெட் தீனி, இரவில் என் மனைவி கையால் பிசைந்த தயிர்ச்சோறு என்று அதன் சாப்பாடு நான்கு ஆண்டு ஓடியது. பிறகு பாதங்களை நக்கத் தொடங்கியது. வெள்ளைப் பாதங்கள் எச்சில் பட்டுப் பட்டுத் துருப்பிடித்த நிறமாகிவிட்டன. காதுக்குள் அழுக்கும் வாடையும் வந்தன. அக்குளிலும் தொடையிடுக்கிலும் முடி கொட்டிற்று. கோடை, மழை, பனி என்ற வேறுபாடு இல்லாமல் பன்னிரண்டு மாதமும் அரிப்பு.

குடியிருப்பில் முதலில் பரிதாபப்பட்டார்கள். பிறகு லிஃப்டில் ஏற்ற வேண்டாம் என்றார்கள். பிறரைத் தொற்றும் நோய் இல்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டியும் பயனில்லை. "எங்காவது நாய்க் காப்பகத்தில் விட்டுவிடுங்களேன் அப்பா" என்று வெளியூரில் இருக்கும் மகன் தொலைபேசியில் சொன்னான். என் மனைவி ரிசீவரை வாங்கி என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத முடியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சொறியும் நாய்க்கெல்லாம் உணவு ஒவ்வாமை இல்லை. மருத்துவரிடம் வரும் எல்லா நாய்களையும் கணக்கிட்டால் நூற்றுக்கு ஒன்று, இரண்டுக்குத்தான் அது இருக்கும். தெள்ளுப்பூச்சி, உண்ணி, சிரங்குப் பூச்சி, தோலில் பெருகும் ஈஸ்ட் காளான், காற்றில் வரும் தூசு என்று வேறு காரணங்கள் வரிசையாக நிற்கின்றன. நம் ஊர்த் தட்பவெப்பத்தில் தெள்ளுப்பூச்சிக்கு விடுமுறையே கிடையாது. எங்கள் மருத்துவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்க இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார். அந்த நாட்களில் எனக்கு அலுப்புத்தான் வந்தது. ஆனால் அவர் செய்ததே சரி. பக்கத்தில் நல்ல தோல் மருத்துவர் இல்லாதவர்கள் 1958இல் தொடங்கிய ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம்.

அந்த இரண்டு மாதத்தில் நான் செய்த தவறுகளையும் சொல்ல வேண்டும். கடைக்காரர் சொன்னார் என்று 'ஆட்டிறைச்சி' என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட தீனி வாங்கினேன். பாதி மூட்டை தீர்ந்த பிறகு பேத்தி பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்து, "தாத்தா, இதிலே கோழிக் கொழுப்பும் கோழித் தூளும் இருக்கே" என்றாள். அடுத்து, ஓர் ஆய்வுக்கூடத்தில் இரத்தம் கொடுத்து நீண்ட பட்டியல் ஒன்றைப் பெற்று வந்தேன். அதன்படி மணிக்கு உருளைக்கிழங்கும் மீனும்கூட ஆகாது. மீன் என்பதை மணி அதுவரை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை!

மருத்துவர் பட்டியலைப் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார். உணவு ஒவ்வாமைக்கு இரத்தச் சோதனையும் எச்சில் சோதனையும் நம்பத்தக்கவை அல்ல என்பது பல ஆய்வுகளில் தெரிந்த செய்தியாம். 2019இல் வெளியான ஓர் ஆய்வில், முடியையும் எச்சிலையும் வைத்து ஒவ்வாமை சொல்லும் சோதனைக்குப் பொம்மையின் செயற்கை முடியையும் உப்புநீரையும் அனுப்பினார்கள். அவற்றுக்கும் ஒவ்வாமைப் பட்டியல் வந்து சேர்ந்தது.

ஒவ்வாமை என்றால் உள்ளே என்னதான் நடக்கிறது? உடலின் காவல்படை, உணவில் உள்ள ஒரு புரதத்தைப் பகைவன் என்று தவறாகப் பதிவு செய்துகொள்கிறது. அதைப் பிடிக்க ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள்களை உண்டாக்கித் தோலிலும் குடலிலும் உள்ள மாஸ்ட் செல்களின் மேல் நட்டு வைக்கிறது. மறுபடி அந்தப் புரதம் வரும்போது, பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு எதிர்ப்பொருள்களை அது பாலம்போல் இணைத்தால் செல் வெடித்து ஹிஸ்டமின் கொட்டுகிறது. அரிப்பு அதனால்தான். வேறு வழிகளிலும் இது நடப்பதுண்டு. ஆனாலும் இரண்டு செய்திகள் இதிலிருந்து கிடைக்கின்றன. பழக்கமில்லாத உணவு அல்ல, பழகிய உணவே பகையாகிறது. "நாலு வருஷமா இதைத்தானே சாப்பிடுறான்" என்ற வாதம் செல்லாது. இன்னொன்று, புரதத்தைப் பாலம் போட முடியாத அளவுக்குச் சிறு துண்டுகளாக நறுக்கிவிட்டால் உடல் அதை அடையாளம் காணாது. ஹில்ஸ் நிறுவனத்தின் இசட்/டி தீனியும் ராயல் கேனின் நிறுவனத்தின் ஹைப்போஅலர்ஜெனிக் தீனியும் இந்த முறையில் செய்தவை. முதலாவதில் கோழி ஈரல், இரண்டாவதில் சோயா. விலைதான் நம்மைப் போன்ற ஓய்வூதியக்காரர்களைப் பயமுறுத்துகிறது.

எந்தெந்த உணவு அதிகம் ஆகாமல் போகிறது என்று 2016இல் ஒரு தொகுப்பு வெளிவந்தது. ஒவ்வாமை உறுதியான 297 நாய்களில் மாட்டிறைச்சிக்கு 34 விழுக்காடு, பால் பொருள்களுக்கு 17, கோழிக்கு 15, கோதுமைக்கு 13. அரிசியும் மீனும் இரண்டு விழுக்காடு அளவில் நின்றன. இவை பெரும்பாலும் மேல்நாட்டு நாய்கள்; அங்கே அவை அதிகம் தின்பவையே முன்னே நிற்கின்றன. நம் நாய்கள் தின்பது கோழி, பால், தயிர், பிஸ்கட்.

"நாய்க்குச் சோறே ஆகாது, தானியமில்லாத் தீனி வாங்குங்கள்" என்று பூங்காவில் நாயுடன் நடக்கும் இளைஞர்கள் எனக்கு உபதேசித்தார்கள். 2013இல் ஸ்வீடனின் உப்சாலா ஆராய்ச்சியாளர்கள் ஓநாயையும் நாயையும் ஒப்பிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாய்க்கு இரண்டு படிகள். நாய்க்கு நான்கு முதல் முப்பது வரை. மனிதனுடன் வாழ வந்த நாய் மனிதனுடைய சோற்றுக்கும் பழகிவிட்டது. அதுமட்டுமல்ல, தானியமில்லாத் தீனிக்கும் ஒருவகை இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு, மருந்துத் துறை 2018இல் விசாரணை தொடங்கியது. சோற்றின் மேல் பழி போடுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

சரி, ஆகாததைக் கண்டுபிடிப்பது எப்படி? வழி ஒன்றுதான், மிகப் பழைய வழி. அதுவரை உண்ணாத ஒரு புரதம், அதுவரை உண்ணாத ஒரு மாவுப்பொருள். இரண்டையும் தவிர எட்டு வாரம் வேறெதுவும் வாயில் படக்கூடாது. ஐந்து வாரத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட ஒவ்வாமை நாய்கள் தெளிகின்றன. எட்டு வாரத்தில் தொண்ணூறுக்கு மேல். அரிப்பு அடங்கினால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். அது திரும்பினால்தான் உணவே காரணம் என்று நிச்சயம்.

மணி பிறந்தது முதல் தின்றதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதினோம். நாடகத்தில் வரும் குற்றவாளிப் பட்டியல் போல் இருந்தது. கோழி, கோதுமை, சோளம், அரிசி, பால், தயிர், பனீர், பருப்பு, வீட்டு வேலைக்கு வரும் அம்மா தந்த ராகி முத்தை, பேத்தி மேசைக்கடியில் தள்ளிய அனைத்தும். மிஞ்சியது மீனும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும். சைவமாகவே செய்ய முடியாதா என்று கேட்டேன். பருப்பு ஏற்கெனவே தின்றது, சோயா வேண்டுமானால் அந்த நறுக்கிய தீனிதான், வீட்டிலேயே சைவமாகச் சமன்செய்வது கடினம் என்றார் மருத்துவர்.

அன்று இரவு என் மனைவி வெகுநேரம் பேசவில்லை. காலையில், "பால்கனியிலே வேற அடுப்பு, வேற பாத்திரம். நீங்களே செய்யணும்" என்றாள்.

அறுபத்தெட்டு வயதில் முதன்முறையாகச் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் மீன் வாங்கினேன். எப்படி வெட்ட என்று கேட்ட கடைக்காரருக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நாய்க்கு என்றதும் முள் நீக்கித் துண்டாக்கித் தந்தார். கட்லா. மத்தியும் கானாங்கெளுத்தியும் மலிவுதான். ஆனால் கடலிலிருந்து இவ்வளவு தூரம் வரும் வழியில் சூடுபட்டால் அவற்றில் ஹிஸ்டமின் ஊறிவிடும். கொதிக்க வைத்தாலும் போகாது. எந்தப் பொருளால் அரிப்போ அதையே தட்டில் வைத்த கதையாகிவிடும். உப்பு, எண்ணெய், மஞ்சள் எதுவும் இல்லாமல் நீரில் வேகவைப்பேன். வெங்காயம், பூண்டு நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை என்பதால் எந்த நாளிலும் கூடாது. முள்ளில்லாத சதையில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. அதற்குச் சுவையூட்டாத கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். வளரும் குட்டிக்கு இப்படி வீட்டுச் சமையலை மட்டும் நம்பக்கூடாது என்றும் எச்சரித்தார்.

முதல் இரண்டு வாரம் மாற்றமே இல்லை. மூன்றாம் வாரம் காது சற்றுத் தெளிந்தது. பிறகு திடீரென்று ஓர் இரவு மறுபடி சொறிந்து இரத்தம். எங்களுக்குப் புரியவில்லை. மறுநாள் விடியற்காலை நான் சற்று முன்னதாகக் கீழே இறங்கியபோது, வாயிற்காவலர் மணிக்குப் பால் பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தார். "பாப சார், ஒந்தே பிஸ்கெட்" என்றார். தினமும் ஒன்று, அதன் துன்பம் பொறுக்காமல் ஒரு வாரமாக இரண்டு. லிஃப்டில் ஏறாதே என்றவர்களைவிட மணியின் மேல் அன்பு கொண்டவர் அவர். அவரிடம் என்ன கோபித்துக்கொள்வது? நோட்டைக் காட்டி விளக்கினேன். மறுநாள் முதல் யார் எதை நீட்டினாலும் தடுக்கும் காவலும் அவரே. இன்னொரு கள்ளவழியும் அடைபட்டது: மாதாமாதம் உண்ணிக்குக் கொடுக்கும் மெல்லும் மாத்திரையில் இறைச்சிச் சுவை இருந்தது. கழுத்தில் விடும் சொட்டுமருந்துக்கு மாறினோம். நாட்களை முதலிலிருந்து எண்ணினோம்.

புதுக் கணக்கில் ஆறாம் வாரம் மணி இரவு முழுதும் தூங்கிற்று. நாங்கள்தான் சத்தம் கேட்கவில்லையே என்று எழுந்து எழுந்து பார்த்தோம்.

எட்டு வாரம் முடிந்து பழைய சாப்பாட்டை வைத்தோம். மூன்றாம் நாள் பாதத்தை நக்கத் தொடங்கிவிட்டது. ஆக, உணவுதான். மீண்டும் மீனுக்குப் போய், அடங்கியபின் ஒவ்வொரு பொருளாக இரண்டிரண்டு வாரம் சேர்த்தோம். முதலில் கோழி. கடைக்காரர், பூங்கா இளைஞர்கள், நான் எல்லோரும் குற்றவாளி என்று தீர்த்துவைத்திருந்த கோழி. இரண்டு வாரம், ஒன்றும் இல்லை. வெறும் மாவும் நீரும் சேர்த்த சப்பாத்தி, ஒன்றும் இல்லை. அரிசி, ஒன்றும் இல்லை. அடுத்து ஒரு கரண்டி தயிர். மறுநாள் மாலைக்குள் காது சிவந்து, நள்ளிரவில் பழைய சத்தம்.

"நானா?" என்றாள் என் மனைவி. நான் பதில் சொல்லவில்லை. நான்கு ஆண்டு, இரவு தவறாமல், கையில் பிசைந்து, கட்டியில்லாமல்.

பால் குடித்தால் சில நாய்களுக்கு வயிறு போவது வேறு. அது லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காமை. புளித்த தயிரில் அந்தச் சர்க்கரை குறைவு என்பதால் தயிர் நல்லது என்று சொல்லிவந்தோம். மணிக்குப் பகை பாலின் புரதம். அது தயிரிலும் உண்டு, மோரிலும் உண்டு, லாக்டோஸ் நீக்கிய பாலிலும் உண்டு. எருமைப்பால், ஆட்டுப்பால் புரதங்களும் நெருங்கிய உறவே. பசும்பாலும் மாட்டிறைச்சியும் ஆட்டிறைச்சியும் ஒரே ஒவ்வாமையைத் தூண்டக்கூடும் என்று 2004இல் ஓர் ஆய்வு வந்திருப்பதால், அவ்விரண்டு இறைச்சியும் மணிக்கு வேண்டாம் என்று மருத்துவர் எழுதிவிட்டார். நான் முதலில் வாங்கிய 'ஆட்டிறைச்சி' மூட்டையை நினைத்துக்கொண்டேன்.

ஆகவே நண்பருக்கு நான் தீனியின் பெயர் சொல்ல முடியவில்லை. சோதனைக் காலத்தில் கடைத் தீனி வேண்டுமென்றால் மருத்துவர் எழுதும் நறுக்கிய புரதத் தீனியே மேல். 2013இல் இத்தாலியில் 'ஒரே புரதம்' என்று விற்ற பன்னிரண்டு உலர் தீனிகளைச் சோதித்தபோது, இரண்டில் மட்டுமே உள்ளே இருந்ததும் உறையில் இருந்ததும் ஒத்திருந்தன. ஆகாதது எது என்று தெரிந்தபின் கடையில் பொடி எழுத்தைப் படியுங்கள். பாலுக்கு அங்கே பல பெயர்கள்: வே, கேசின், மில்க் சாலிட்ஸ், சீஸ் பவுடர்.

மணிக்கு இப்போது காலையில் பாலில்லாக் கோழித் தீனி, இரவில் சோறும் கட்லாவும். மீனை இன்னும் நான்தான் பால்கனியில் வேகவைக்கிறேன். முள் தங்கிவிட்டதா என்று பார்ப்பது மட்டும் என் மனைவி. என் கண்ணாடியின் மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு விரலால் பிசைந்து பார்த்து, சோற்றைக் கலந்து வைத்துவிட்டு, கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவுகிறாள். முட்டையை இன்னும் சோதிக்கவில்லை. பேத்திக்குத் தேர்வு முடியட்டும், நோட்டு எழுத ஆள் வேண்டும் என்றிருக்கிறோம்.