கலுங்கை அடைக்காதீர்கள்: புரட்டாசி மாதக் கண்மாய் ஆலோசனை

ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்ப் பாசன விவசாயிகள், நீர்பாய்ச்சிகள், ஊராட்சித் தலைவர்கள் கவனத்துக்கு.

புழுதி விதைப்பு முடிந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். ஆண்டு மழையில் பெரும்பங்கு நமக்கு அதிலிருந்து டிசம்பருக்குள்தான் கிடைக்கிறது. அதுவும் சில பெருமழைகளில் வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். வருஷநாட்டு மலையில் புறப்படும் வைகை 258 கிலோமீட்டர் ஓடும் ஆறுதான், ஆனால் நம் பக்கம் அது வருவதே வெள்ளமாகத்தான். அந்தச் சில நாள் தண்ணீரைப் பிடித்து வைத்து மாசி, பங்குனி வரை கடத்தத்தான் கண்மாய் வெட்டினார்கள். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று பேர் வாங்கிய ராஜசிங்கமங்கலம் கண்மாய்க்கும், உங்கள் ஊர் 40 ஏக்கர் கண்மாய்க்கும் கணக்கு ஒன்றே: வரத்து திறந்திருக்க வேண்டும், கரை நிற்க வேண்டும், கலுங்கு ஓட வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை:

1. வரத்துக்கால்: சீமைக்கருவேலை வேரோடு எடுங்கள். வெட்டிய முள்ளைக் காலுக்குள்ளேயே போடாதீர்கள். முதல் வெள்ளம் அதை இழுத்து வந்து பாலத்தடியில் சொருகும்.

2. மடை: ஷட்டரை ஏற்றி இறக்கிப் பாருங்கள். கிரீஸ் போடுங்கள். மடைக்குழிச் சேற்றை அள்ளுங்கள்.

3. வளைகள்: எலி வளை, நண்டு வளை, கறையான் புற்று. கடைசி வரை தோண்டி, ஈரக் களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடித்து இறுக்குங்கள். மேலாகப் பூசினால் போதாது.

4. கரையில் தாழ்ந்த இடம்: டிராக்டரும் ஆடுமாடும் ஏறி இறங்கும் தடங்களை மண் போட்டு உயர்த்துங்கள். அந்த மண்ணைக் கரையின் காலடியில் வெட்டி எடுக்காதீர்கள்.

5. மறுகால் ஓடை: கலுங்குக்குக் கீழே யார் வரப்பு போட்டிருந்தாலும் ஊர் கூடிப் பேசி எடுங்கள்.

6. கையிருப்பு: மணல் மூட்டை, சவுக்குக் கம்பு, மண்வெட்டி, டார்ச் லைட். யார் வீட்டில் இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

7. கரைக்காவல்: மழை நாளில் இரவுக்கு நான்கு பேர். ஒருவர் தனியாகப் போக வேண்டாம்.

இனிச் சொல்வதை நின்று படியுங்கள்.

கலுங்கில் மணல் மூட்டை அடுக்காதீர்கள். பலகை சொருகாதீர்கள். களிமண் அணைக்காதீர்கள்.

போன வருஷமும் இதைத்தான் சொன்னேன். ஒரு ஊரில் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். கண்மாய் நிரம்பிய அன்று சாயங்காலமே கலுங்கு நெடுகிலும் மூட்டை ஏறிவிட்டது. இரவு மழை வலுத்தது. விடிகிற நேரத்தில் நான் போய்ச் சேர்ந்தபோது கரையில் ஒரு லாரி நுழையும் அளவுக்கு உடைப்பு. கீழே கதிர் பிடிக்க இருந்த நெல்லின் மேல் மணல் மூடிக் கிடந்தது. மூட்டைகள் மட்டும் கலுங்கில் வைத்தது வைத்தபடி இருந்தன. ஊர்ப்பெயரை எழுதவில்லை. அந்தக் காட்சி இந்த வருஷம் வேறு ஊரில் வரக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

கணக்குப் பாருங்கள். நூறு ஏக்கர் நீர்ப்பரப்பில் அரை அடி கூடுதலாக நிறுத்தினால் 21.78 லட்சம் கன அடி கிடைக்கும். அதே கண்மாயில் சராசரி ஐந்தடி நிற்கிறது என்றால் இருப்பு 2.17 கோடி கன அடிக்கு மேல். கரை போனால் இது அத்தனையும் போகும். அரை அடி ஆசைக்கு ஐந்தடியையும் பணயம் வைக்கிறீர்கள்.

கலுங்கின் மட்டத்துக்கும் கரையின் தலைக்கும் நடுவே விட்டிருக்கும் உயரம் சும்மா விட்டதல்ல, வெள்ளம் ஏறி இறங்க விட்ட இடம். கலுங்கை நீங்கள் அடைத்தால் தண்ணீர் கரையில் தாழ்ந்த இடத்தைத் தேடும். மண்கரையின் மேல் ஒரு சாண் வழிந்தாலும் வெளிச்சரிவு அரிக்கத் தொடங்கும். அரிப்பு மேலேறித் தலையைத் தொட்டபின் ஆயிரம் பேர் வந்தாலும் நிறுத்த முடியாது. அந்த வெள்ளம் கீழே இருக்கும் கண்மாயில் போய் மோதும், அதன் கரையையும் பார்க்கும்.

வழக்கமாகச் சொல்லும் சமாதானங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

“கலுங்கில் கல் நட்டிருப்பதே அடைக்கத்தானே?” ஆமாம். ஆனால் பருவம் ஓய்ந்து, வரத்து சுண்டிய பிறகு. வெள்ளக் காலத்தில் அந்தக் கற்களுக்கு நடுவே தண்ணீர் தாராளமாக ஓட வேண்டும்.

“கார்த்திகைக்குப் பிறகு மழை ஏது?” கர்ணனுக்குப் பிறகு கொடையில்லை, கார்த்திகைக்குப் பிறகு மழையில்லை என்ற பழமொழியை நம்பி அடைக்காதீர்கள். 2023இல் மார்கழி பிறந்த டிசம்பர் 17ஆம் தேதிதான் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் பேய்மழை பிடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல். எத்தனை குளங்கள் உடைந்தன என்று அங்கே சொந்தக்காரர் இருந்தால் கேளுங்கள். ஆகவே அடைக்கும் நாளை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பிரிவுப் பொறியாளர் எழுத்தில் கொடுக்கட்டும்.

“மறுகால் போனால் தண்ணீர் வீண்தானே?” வீண் இல்லை. உங்கள் மறுகால்தான் கீழூர்க் கண்மாயின் வரத்து. மேலூர்க்காரர் கலுங்கை விட்டதால்தான் உங்களுக்கும் தண்ணீர் வந்தது.

வைகை அணை நிலவரத்தைத் தினமும் கேளுங்கள். 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5இல் இரண்டாவது, 69இல் மூன்றாவது. முதல் எச்சரிக்கை வந்ததுமே கரைக்காவலைத் தொடங்குங்கள். பார்த்திபனூர் மதகணையில் தண்ணீர் பிரிந்து வரும்வரை காத்திருக்காதீர்கள்.

கரையின் வெளிப்புறம் ஊற்று கண்டால்: தெளிந்த நீர் என்றால் குச்சி நட்டு அடையாளம் வைத்து மணிக்கு ஒரு முறை பாருங்கள். கலங்கி வந்தால் கரையின் மண் போகிறது என்று பொருள். உடனே தகவல் சொல்லுங்கள். ஊற்றின் வாயில் துணியோ மண்ணோ வைத்து அடைக்காதீர்கள், பக்கத்தில் வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். ஊற்றைச் சுற்றி மூட்டைகளால் வளையம் கட்டி, உள்ளே தண்ணீரை ஏற விடுங்கள். வேகம் தணிந்து தெளியும்.

கையிருப்பு மூட்டைகள் இதற்குத்தான். கலுங்குக்கு அல்ல. மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், கலுங்குக்கு அல்ல.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை நீர்பாய்ச்சியையும் இரண்டு இளவட்டங்களையும் அழைத்துக்கொண்டு கலுங்குக்குப் போங்கள். போன வருஷத்து மூட்டையோ பலகையோ கிடந்தால் அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள்.