வலிக்கும் கணக்கு வேண்டும்

அன்புள்ள சகோதரிக்கு,

ஹேவாஹெட்டைப் பக்கமிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. முதுகுவலியோடு மலை ஏறுகிறீர்கள். நிறுவையில் கொழுந்து குறைந்தால் கங்காணி எல்லார் முன்னாலும் "நடிக்கிறாள்" என்று ஏசி, அரைப் பேர் (அரை நாள் சம்பளம்) போடுகிறார். வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப்பட்டு விடாதீர்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் உங்கள் பக்கத்து லூல்கந்துரையில் தேயிலை நட்ட காலந்தொட்டு கொழுந்துக்குக் கணக்கு உண்டு. அதைச் சுமக்கும் முதுகுக்கு இல்லை. அந்தக் கணக்கை நீங்களே தொடங்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாதபோதும் அது இருக்கலாம்; நடிப்பல்ல. கண்டி அல்லது பேராதனை ஆஸ்பத்திரி கிளினிக்கில் காட்டுங்கள். பாரம் சுமக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். அதன் பிரதியைத் தோட்ட ஆபீசில் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்துப் பெறுங்கள்.

ஏச்சுக்கும் ஒரு கொப்பி போடுங்கள். திகதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை, பக்கத்தில் நின்றவர் பெயர். சங்கத் தலைவரிடமும் எழுத்தில் கொடுங்கள். தலைவரும் கங்காணியும் ஒரே பக்கம் என்றால் கண்டி தொழில் அலுவலகத்துக்கே போகலாம். முறைப்பாட்டைத் தமிழில் கொடுப்பது உங்கள் உரிமை.

பேச்சு ஆபாசமானாலோ, கை நீண்டாலோ அது பொலிசுக்குப் போக வேண்டிய விஷயம். 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவுக்கு ஐந்து வருடம் வரை சிறை உண்டு. வேலைத்தலத்தில் அதிகாரத்தில் இருப்பவர் செய்வதையும் அந்தப் பிரிவு குறிப்பிடுகிறது.

விலகல் கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால், நீங்களாகவே போனீர்கள் என்பார்கள். துன்புறுத்தியதால்தான் போனேன் என்று நிரூபிக்கும் பாரமும் உங்கள் மேல் விழும். அவர்களே நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு மனுச் செய்யலாம்.

இதைப் படிக்கும் மற்றப் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த நிரையில் நிற்பவளை "நடிக்கிறாள்" என்று ஏசும்போது சேர்ந்து சிரிக்காதீர்கள். அவளுடைய கொப்பியில் சாட்சியாக உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா
கண்டி